பால் ஃபெயோஷின் ‘வசந்த மழை’ (1932): பேசும்படத்தில் பேசாத பணிப்பெண்

திரைச்சுவடி எழுதியது:

ஹங்கேரியின் தொடக்ககாலப் பேசும்படங்களைப் பற்றிய பேச்சு எழும்போது நகைச்சுவைப் படங்களே பெரும்பாலும் முன்னுக்கு வருகின்றன. 1932இல் பால் ஃபெயோஷ் இயக்கிய ‘தவஸி ஸாபோர்’, அதாவது ‘வசந்த மழை’, அந்த வரிசைக்குள் அடங்காத படம். ஹங்கேரியும் பிரான்சும் இணைந்து தயாரித்த இப்படம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் மட்டுமே ஓடுகிறது. பிரெஞ்சு நடிகை அனபெல்லா நாயகியாக நடித்திருக்கிறார். இதைப் பற்றி விரிவாக உரையாட வேண்டும் என்ற விருப்பத்தில் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். தெரிந்துகொண்டு பார்ப்பதால் இழப்பு எதுவும் இல்லை. மரி ஒரு கிராமத்தின் வசதியான வீட்டில் பணிப்பெண். அந்த வீட்டு மகளுக்கு மாப்பிள்ளையாக வரவிருக்கும் இளைஞன் மரியின் மனத்தைக் கலைக்கிறான். அவள் கருவுற்றது தெரிந்ததும் வீட்டார் அவளைத் துரத்துகிறார்கள், ஊரும் கதவை அடைக்கிறது. நகரத்துக்குச் செல்லும் அவளுக்கு ஒரு கேளிக்கை விடுதியில் வேலை கிடைக்கிறது. அங்குள்ள பெண்கள்தான் அவளையும் குழந்தையையும் அரவணைக்கிறார்கள். குழந்தை வளர்வதற்கு அது ஏற்ற இடமில்லை என்று சொல்லி அதிகாரத்தில் இருப்பவர்கள் அவளிடமிருந்து குழந்தையைப் பிரித்துக்கொண்டு போகிறார்கள். அதன்பின் மரி நிலைகுலைந்து இறக்கிறாள். மேலுலகத்தில் அவளுக்குப் பளபளக்கும் பாத்திரங்களோடு ஒரு சமையலறை கிடைக்கிறது. அங்கிருந்து பூமியைப் பார்க்கும்போது, வளர்ந்து நிற்கும் தன் மகளும் ஓர் இளைஞனின் அணைப்பில் இருப்பதைக் காண்கிறாள். தரை துடைக்க வைத்திருந்த வாளி நீரை அவள் கவிழ்க்க, அது பூமியில் மழையாகப் பொழிகிறது. மகள் வீட்டுக்குள் ஓடிவிடுகிறாள்.

எழுதிப் பார்த்தால் பழைய கண்ணீர்க் கதைதான். படமாகப் பார்க்கும்போது அப்படித் தோன்றவில்லை, அதற்குக் காரணம் ஒலி என்பது என் எண்ணம். ஏறத்தாழப் படம் முழுவதிலும் மரி பேசுவதில்லை. அவள் வாயிலிருந்து வருபவை மிகச் சில சொற்களே. இதைக் கண்டு ‘இது மௌனப்படத்தின் மிச்சம், இயக்குநர் புதிய கருவிக்கு இன்னும் பழகவில்லை’ என்று சிலர் எழுதியிருப்பதைப் படித்திருக்கிறேன். அந்தக் கருத்தை நான் முற்றாக மறுக்கிறேன். இந்தப் படத்தில் பாட்டு இருக்கிறது, இசை இருக்கிறது, கூட்டத்தின் ஆரவாரம் இருக்கிறது, ஏவுகிறவர்களின் குரலும் திட்டுகிறவர்களின் குரலும் இருக்கின்றன. இவ்வளவு ஒலிகளுக்கு நடுவே ஒருத்தி மட்டும் பேசாமல் இருப்பதை மௌனப்படத்தில் காட்டவே முடியாது, ஏனெனில் அங்கே எல்லோரும் ஊமைகள். ஏவுகிறவர்கள் பேசுகிறார்கள், ஏவப்படுகிறவள் கேட்கிறாள் என்பதை நம் காதுக்கே உணர்த்துவதற்குப் பேசும்படம் வர வேண்டியிருந்தது. 1932இல் ஒலியின் பயனை இவ்வளவு தெளிவாகக் கண்ட இயக்குநர்கள் ஐரோப்பாவிலேயே சிலர்தான்.

உங்கள் கருத்துகளை எதிர்பார்க்கிறேன், மாறுபட்டவையானால் இன்னும் நன்று.

பழஞ்சுருள் எழுதியது:

திரைச்சுவடி ஐயா, இழைக்கு நன்றி. உங்கள் வாசிப்பு அழகாக இருக்கிறது, ஆனாலும் அதற்கு முன்பாகக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தக் காலத்து ஹங்கேரியில் ஒரு பேசும்படம் எப்படி உருவானது என்பது தெரியாமல், உரையாடல் ஏன் குறைவாக இருக்கிறது என்ற கேள்விக்கு விடை சொல்ல இயலாது.

முதல் உலகப் போரை அடுத்து 1920இல் கையெழுத்தான ட்ரியானோன் ஒப்பந்தத்துக்குப் பிறகு ஹங்கேரி தன் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. அந்த நிலப்பரப்போடு திரையரங்குகளும் பார்வையாளர்களும் போய்விட்டார்கள். ஏற்கனவே அலெக்சாண்டர் கோர்டா, மைக்கேல் கர்டிஸ் போன்ற இயக்குநர்கள் நாட்டை விட்டு வெளியேறிவிட்டிருந்தார்கள். கோர்டா தொடங்கிய கோர்வின் படப்பிடிப்புக்கூடம் பின்னர் அரசின் ஆதரவு பெற்ற ஹுன்னியா நிறுவனத்தின் கைக்கு வந்தது. வெளிநாட்டுப் படங்களை இறக்குமதி செய்வோரிடம் கட்டணம் பெற்று, அதைக் கொண்டு உள்நாட்டுப் படத்தொழிலைத் தாங்கிப் பிடிப்பதே அரசின் வழியாக இருந்தது. பேசும்படம் வந்தபோது நிலைமை இன்னும் கடினமாயிற்று. ஹங்கேரிய மொழி அண்டை நாட்டு மொழிகள் எதனோடும் உறவில்லாத மொழி என்பதால், அதில் எடுத்த படத்தை எல்லைக்கு வெளியே விற்பது அரிது. மௌனப்படத்துக்கு இல்லாத இந்தத் தடை ஒரே இரவில் முளைத்தது.

அதற்கு அன்று கண்ட தீர்வு, ஒரே படத்தைப் பல மொழிகளில் எடுப்பது. பாரிசுக்கு அருகில் ஜோன்வில்லில் பாரமவுண்ட் நிறுவனம் 1930 முதல் இதை ஒரு தொழிற்சாலை போலவே நடத்தியது. அங்கு அமைக்கப்பட்ட அரங்கத்தில் ஒரு மொழியின் நடிகர்கள் வெளியேறியதும் அடுத்த மொழியின் நடிகர்கள் உள்ளே வருவார்கள். கோணம், விளக்கு, நாற்காலி எல்லாம் அப்படியே இருக்கும். ஹங்கேரிய மொழி பேசிய முதல் படங்களில் சில அங்கேதான் எடுக்கப்பட்டன. நாம் பேசும் ‘வசந்த மழை’யும் இதே ஏற்பாட்டின் பிள்ளைதான். பிரெஞ்சுத் தயாரிப்பாளர் அடோல்ஃப் ஓஸோவின் நிறுவனம் இதில் பங்கு கொண்டது. பிரான்சில் வெளியான வடிவத்துக்கு ‘மரி’ என்று பெயர், அதை ‘ஹங்கேரியப் பழங்கதை’ என்று சொல்லி விற்றார்கள். அனபெல்லா பிரெஞ்சு இயக்குநர் ரெனே கிளேரின் ‘லெ மில்லியோன்’ (1931) படத்தில் நடித்து அதிகக் காலம் ஆகியிராத நேரம். அவரது முகத்துக்குச் சந்தை இருந்தது, ஆனால் ஹங்கேரிய மொழி அவருக்குத் தெரியாது. நாயகி பேசாவிட்டால் அவரது காட்சிகள் எல்லா வடிவங்களுக்கும் பொருந்தும். சுற்றியிருப்பவர்களின் சில காட்சிகளை மட்டும் மறுபடி எடுத்தால் போதும்.

ஆகவே, மரியின் மௌனத்துக்கு முதல் காரணம் செலவு. வர்க்கம் பற்றிய கருத்து பிறகு வந்து சேர்ந்திருக்கலாம்.

திரைச்சுவடி எழுதியது:

நண்பர் பழஞ்சுருள் தந்த பின்னணிக்கு நன்றி, இதைத்தான் எதிர்பார்த்தேன். ஆனால் செலவு மட்டுமே காரணம் என்றால், அதே ஏற்பாட்டில் உருவான மற்றப் படங்களும் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அவை அப்படி இல்லை. ஜோன்வில் படங்களில் ஆட்கள் நாற்காலியில் அமர்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள். கட்டாயம் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது, அதிலிருந்து ஒரு கலைவடிவத்தைக் கண்டவர் ஒருவரே.

அவர் ஏன் கண்டார் என்பதற்கு, அவரது அமெரிக்க ஆண்டுகளைப் பார்க்க வேண்டும். 1897இல் புடாபெஸ்டில் பிறந்த ஃபெயோஷ் மருத்துவம் படித்தவர். 1923இல் நியூயார்க் சென்று ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் ஆய்வுக்கூடப் பணியாளராக இருந்தார், பின்பு ஹாலிவுட்டுக்குப் போனார். 1928இல் யுனிவர்சல் நிறுவனத்துக்காக அவர் எடுத்த ‘லோன்சம்’ படத்தை அறிந்திருப்பீர்கள். தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்க்கும் பெண்ணும், தொழிற்சாலையில் உலோகத்தை அழுத்தித் துளையிடும் இயந்திரத்தில் வேலை பார்க்கும் ஆணும் ஒரு விடுமுறை நாளில் நியூயார்க்கின் கேளிக்கைக் கடற்கரையான கோனித் தீவில் சந்திக்கிறார்கள். கூட்டத்தில் ஒருவரை ஒருவர் தொலைக்கிறார்கள். மௌனப்படமாக எடுக்கப்பட்ட அதில் பிறகு மூன்று உரையாடல் காட்சிகளைச் சேர்த்தார்கள். அந்த மூன்றையும் பார்த்தால் என்ன நிகழ்ந்தது என்பது புரியும். கூட்டத்துக்குள் பறந்து திரிந்த ஒளிப்பதிவுக் கருவி, பேச்சு தொடங்கியதும் தரையில் வேரூன்றிவிடுகிறது. கடற்கரையில் அமர்ந்திருக்கும் அந்த இருவரும் அதுவரை கண்ணாலும் கையாலும் நமக்குத் தந்ததை, வாயைத் திறந்து பள்ளிக்கூட ஒப்புவித்தல் போலச் சொல்லத் தொடங்குகிறார்கள். அடுத்த காட்சியில் மௌனம் திரும்பியதும் படமும் மூச்சுவிடுகிறது. ஒலிவாங்கி ஒரு படத்தை எப்படி முடக்கும் என்பதை இவரைப் போல் தன் படைப்பிலேயே அனுபவித்த இயக்குநர் வேறு யாரும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அடுத்த ஆண்டே ‘பிராட்வே’ படத்துக்காகப் பிரம்மாண்டமான ஒரு கிரேனை உருவாக்கச் செய்து, ஒலிப்பட யுகத்திலும் கருவியை மீண்டும் பறக்க வைத்தார். இந்த மனிதர் புடாபெஸ்டுக்குத் திரும்பி வந்து எடுத்த படத்தில் நாயகி பேசவில்லை என்றால், அதைத் தயாரிப்பாளரின் சிக்கனத்தோடு மட்டும் முடித்துவிட என்னால் இயலாது.

இன்னொன்று: ‘லோன்சம்’ நாயகியின் பெயரும் மேரி. அங்கேயும் ஓர் இடியும் மழையும்தான் காதலர்களைப் பிரிக்கின்றன. பிறகு இருவரும் அடுத்தடுத்த அறைகளில் வாழ்பவர்கள் என்பது ஓர் இசைத்தட்டின் பாட்டால் தெரியவருகிறது. அந்த மழை சேர வேண்டியவர்களைப் பிரித்தது. ‘வசந்த மழை’யில் பொழிவதோ பிரிந்தே ஆக வேண்டியவர்களைப் பிரிக்கிறது. நான்கு ஆண்டு இடைவெளியில் ஒரே இயக்குநர் இதே கருவியை எதிர்ப்பக்கமாகத் திருப்பியிருக்கிறார்.

கமலினி எழுதியது:

இழையைப் படித்துவிட்டுப் படத்தை மறுபடி பார்த்தேன். ஒலியைப் பற்றி நீங்கள் இருவரும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அந்த இறுதிக் காட்சியைப் பற்றிப் பேச வேண்டும். பலர் அதைச் சிறுபிள்ளைத்தனமான ஆறுதல் என்று ஒதுக்குகிறார்கள். எனக்கோ படத்தின் மிகக் கடுமையான பகுதி அதுதான்.

அந்த மேலுலகத்தில் மரி என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்பதைக் கவனியுங்கள். முழந்தாளிட்டுத் தரை துடைக்கிறாள். உயிரோடு இருந்தபோது பிறர் வீட்டில் எதைச் செய்தாளோ, அதையே அங்கும் செய்கிறாள். மாறியிருப்பது பாத்திரங்களின் பளபளப்பு மட்டும்தான். ஒரு பணிப்பெண்ணால் கற்பனை செய்ய முடிந்த சொர்க்கம், நல்ல பாத்திரங்கள் உள்ள ஒரு சமையலறை. அவளுக்கு ஓய்வு கற்பனையில்கூடக் கிட்டவில்லை. அந்தக் காட்சியில் அவள் மகிழ்ச்சியாக இருக்கிறாள் என்பதுதான் என்னை மிகவும் வருத்தியது.

பிறகு மகளைப் பார்க்கிறாள். அவளுக்கு நேர்ந்ததே மறுபடி நேரப்போகிறது. அப்போது அவள் கடவுளிடம் முறையிடலாம், தேவதைகளைக் கூப்பிடலாம். படம் அவள் கையில் கொடுப்பது வாளியை. அவளது தொழிலின் கருவியைக் கொண்டே, தான் துடைத்துக்கொண்டிருந்த தரையின் நீரைக் கொண்டே மகளைக் காக்கிறாள். அந்த நீர் கவிழும் ஒரு நொடிதான் படம் முழுவதிலும் மரி தானாகத் தேர்ந்தெடுத்துச் செய்யும் செயல். மற்ற எல்லாம் அவளுக்குப் பிறர் செய்தவை.

இங்கே ஹங்கேரிய நாடகாசிரியர் ஃபெரென்ஸ் மோல்னாரின் ‘லிலியோம்’ நாடகத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1909இல் புடாபெஸ்டில் முதலில் மேடையேறி, அப்போது அவ்வளவாக எடுபடாமல், பிறகு உலகெங்கும் புகழ் பெற்ற நாடகம் அது. அதிலும் இறந்துபோன ஒருவன் மேலுலகம் சென்று, பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு தன் மகளைப் பார்க்க ஒரு நாள் பூமிக்கு வருகிறான். நல்லது செய்வதற்காக அனுப்பப்பட்டவன், கடைசியில் மகளை அறைந்துவிட்டுத் திரும்புகிறான். அடி வலிக்கவில்லை என்று அவள் வியக்கிறாள். அந்த அடியை அன்பாகப் பார்க்கச் சொல்லும் அந்த முடிவு எனக்கு எப்போதும் நெருடும். மோல்னாரின் மேலுலகத்தில் நீதிபதி இருக்கிறார், விசாரணை இருக்கிறது, தந்தைக்கு இரண்டாம் வாய்ப்பு இருக்கிறது. ஃபெயோஷின் மரிக்கு விசாரணையே இல்லை. அவள் நேராக வேலைக்குப் போகிறாள். ஆனாலும் தந்தையால் ஆகாத காரியம் தாயால் ஆகிவிடுகிறது. ஒரே நாட்டுக் கற்பனையில் பிறந்த இரண்டு மேலுலகங்களையும் அருகருகே வைத்துப் பார்க்க உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

நெய்தல்வாசி எழுதியது:

இந்த இயக்குநரின் பெயரையே இங்குதான் முதலில் அறிகிறேன். இரண்டு ஐயங்கள். குழந்தையைப் பிரிக்கும் பகுதியில் படம் யார் பக்கம் நிற்கிறது? அந்த நாட்டில் அன்று இதை எப்படி ஏற்றுக்கொண்டார்கள்? தேவாலயமும் அரசும் நெருக்கமாக இருந்த நாடு என்று படித்த நினைவு.

தண்பொருநை எழுதியது:

நெய்தல்வாசி அவர்களின் கேள்விக்கு என்னால் இயன்ற விடை. முதல் ஐயத்துக்குப் படமே ஐயமின்றிப் பதில் சொல்கிறது. அது விடுதிப் பெண்களின் பக்கம் நிற்கிறது. ஊரில் பெயர்பெற்ற, கோயிலுக்குத் தவறாமல் போகிற குடும்பம் மரியைத் தெருவில் விட்டது. ஊரார் கண்ணில் கெட்டுப்போனவர்களான பெண்கள் அவளுக்கு இடம் கொடுத்து, அவள் குழந்தையைத் தங்கள் குழந்தையாகக் கொண்டாடுகிறார்கள். ஒழுக்கத்தின் பெயரால் வருகிறவர்கள் அந்த ஒரே வீட்டையும் கலைக்கிறார்கள். குழந்தையின் நலன் என்று அவர்கள் சொல்வதைப் படம் மறுத்து வாதாடுவதில்லை. பிடுங்கப்பட்ட பின் அனபெல்லாவின் முகத்தைக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறது.

இரண்டாவது கேள்விக்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1920 முதல் ஹங்கேரியை ஆட்சித் தலைவராக ஆண்ட மிக்லோஷ் ஹோர்த்தியின் காலத்தில், ‘கிறிஸ்தவ தேசியம்’ என்பது அரசின் அறிவிக்கப்பட்ட கொள்கை. ஹங்கேரியின் முதல் அரசரான புனித இஷ்ட்வான் தன் முடியையும் நாட்டையும் கன்னி மரியாளிடம் ஒப்படைத்தார் என்பது அந்நாட்டின் பழைய நம்பிக்கை. அதனால் ஹங்கேரியை மரியாளின் அரசு என்றே அழைத்தார்கள், ஹோர்த்தி காலத்தில் அந்தப் பெயர் புதிய வேகத்தோடு முழங்கியது. இந்தப் பின்னணியில் படத்தின் நாயகிக்கு மரி என்று பெயர் வைத்து, அவளைக் கைக்குழந்தையோடு அலையவிட்டு, எந்தக் கதவும் திறக்காததைக் காட்டியிருக்கிறார்கள். பெத்லகேமில் இடமில்லாமல் அலைந்த தாயின் கதையை ஞாயிறுதோறும் கேட்டு வளர்ந்த பார்வையாளர்களுக்கு இந்தப் படம் யாரை நோக்கிப் பேசுகிறது என்பது புரியாமல் இருந்திருக்காது. மரியாளின் நாடு என்று பெருமை பேசிய நாடு, ஒரு மரிக்குக் கூரை தரவில்லை.

இதைச் சொல்லும்போது ஃபெயோஷை மத எதிர்ப்பாளர் என்று கருதிவிடக் கூடாது. அமெரிக்காவுக்குப் போகும் முன்பே மிகோஃபல்வா என்ற கிராமத்தில் ஊர் மக்களைக் கொண்டு இயேசுவின் பாடுகளை நாடகமாக நடத்தியவர் அவர். கிராமத்துப் பக்தியின் அழகு அவருக்குத் தெரியும். படத்தில் வரும் திருச்சுரூபங்களும் ஊரார் உடுத்தும் பூவேலை செய்த உடைகளும் அன்போடு படமாக்கப்பட்டவை. எளியவர்களின் பக்தி வேறு, அதைப் பிறரை வெளியே தள்ளும் வேலியாக ஆக்கிக்கொண்டவர்களின் பக்தி வேறு என்பதை அவர் பிரித்துக் காட்டுகிறார். மேலுலகக் காட்சியும் கிராமத்துப் பாட்டி பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் கதையின் தொனியிலேயே எடுக்கப்பட்டிருக்கிறது. அதில் இறையியல் தேடினால் கிடைக்காது.

உள்நாட்டில் படம் வெற்றி பெறவில்லை. வெளிநாட்டில் அதற்குக் கிடைத்த மதிப்பு சொந்த நாட்டில் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின.

பழஞ்சுருள் எழுதியது:

தண்பொருநை அவர்கள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தோல்விக்கு மதத்தை மட்டும் காரணமாக்குவது சரியாகாது. அதற்கு முந்தைய ஆண்டு என்ன நடந்தது என்று பாருங்கள். 1931இல் ஹங்கேரியிலேயே எடுக்கப்பட்ட முதல் முழுநீளப் பேசும்படமான ‘நீலச் சிலை’ தோற்றது. சில வாரங்களிலேயே இஷ்ட்வான் செகெய் இயக்கிய ‘ஹிப்போலித் என்ற பட்லர்’ வெளிவந்து பெருவெற்றி பெற்றது. வண்டித் தொழிலில் பணம் சேர்த்த ஷ்னெய்டர் குடும்பம், கௌரவத்துக்காக முன்பு பிரபு வீட்டில் இருந்த ஒரு பட்லரை வேலைக்கு வைக்கிறது. அவரோ வீட்டாருக்கே நடத்தை கற்பிக்கத் தொடங்குகிறார். வெங்காயம் சாப்பிடவும் அஞ்சும் நிலைக்கு வந்த ஷ்னெய்டராக நடித்த ஜூலா கபோஷ், அந்தப் பத்தாண்டின் அன்புக்குரிய நகைச்சுவை நடிகர் ஆனார். படத்தின் பாட்டுகளை இன்றும் ஹங்கேரியர்கள் பாடுகிறார்கள்.

‘ஹிப்போலித்’, ‘வசந்த மழை’ ஆகிய இரண்டு படங்களும் ஹுன்னியா கூடத்தோடு தொடர்புடையவை. இரண்டுக்கும் ஒளிப்பதிவில் இஷ்ட்வான் ஐபென் இருக்கிறார். ‘வசந்த மழை’யில் அவரோடு அமெரிக்கரான பெவெரெல் மார்லியும் சேர்ந்துகொண்டார். இரண்டிலும் மையப் பாத்திரம் ஒரு வேலைக்காரர். ஒருவர் பேசியே எஜமானர்களை ஆட்டி வைக்கிறார், மற்றவள் பேசாமல் எஜமானர்களால் அழிகிறாள். பொருளாதார நெருக்கடியால் வங்கிகள் மூடியிருந்த, வேலையில்லாதோர் தெருவில் நின்ற அந்நாட்களில், டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தவர்கள் முதல் படத்தைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு வியப்பில்லை. தயாரிப்பாளர்கள் அதைப் பாடமாக எடுத்துக்கொண்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் நகரத்து நகைச்சுவையும் காதல் குழப்பமும் தொழிலின் உயிர்நாடி ஆயின. கிராமத்து ஏழைகளை மீண்டும் இவ்வளவு கூர்ந்து பார்த்த படம் வர, 1942இல் இஷ்ட்வான் சொட்ஸ் எடுத்த ‘மலைமக்கள்’ வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது அதே ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது.

அந்த நகைச்சுவைப் படங்களைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை. அவற்றை எடுத்தவர்களில் பலர் யூதர்கள். 1938 முதல் வந்த யூத எதிர்ப்புச் சட்டங்கள் அவர்களைத் தொழிலிலிருந்து விலக்கின. செகெய் அமெரிக்கா சென்றார். கபோஷும் சென்று 1941இல் நியூயார்க்கில் இறந்தார். ஒரு நாடு தன்னைச் சிரிக்க வைத்தவர்களையே வெளியே அனுப்பியது.

இருந்தாலும் என் முதல் கருத்தில் மாற்றமில்லை, திரைச்சுவடி ஐயா. அனபெல்லா ஹங்கேரியரல்லாதவர் என்பதை விலக்கிவிட்டு அவரது மௌனத்தைப் படிக்க முடியாது. இந்த வேடத்தில் ஒரு ஹங்கேரிய நடிகை இருந்திருந்தால், மரிக்குத் தன் வட்டாரப் பேச்சு இருந்திருக்கும். அந்தப் பேச்சின் இழப்பையும் நாம் கணக்கில் எடுக்க வேண்டும்.

கமலினி எழுதியது:

பழஞ்சுருள் ஐயா, இழப்பு இருக்கிறது என்பதை நானும் உணர்கிறேன். ஆனால் வட்டாரப் பேச்சு அந்நாளைய திரையில் எப்படிப் பயன்பட்டது என்பதையும் யோசிக்க வேண்டும். நகரத்துப் பார்வையாளர்களைச் சிரிக்க வைக்கத்தான் பணிப்பெண்களின் கொச்சை மேடையிலும் படத்திலும் அடிக்கடி பயன்பட்டது. மரியை அந்தச் சிரிப்பிலிருந்து அவளது மௌனம் காக்கிறது. அனபெல்லா நகரத்து நட்சத்திரம்தான். ஆனால் அவர் வாளியைத் தூக்கும் விதத்தையும், எஜமானி கூப்பிட்டதும் கையை மேலாடையில் துடைத்துக்கொண்டே நிமிரும் விதத்தையும் பார்த்தால், உழைப்பைக் கவனித்துப் பார்த்துக் கற்றவர் என்பது தெரிகிறது.

நெய்தல்வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இந்த இயக்குநர் பிறகு என்ன ஆனார்? ஹங்கேரியிலேயே தொடர்ந்து படம் எடுத்தாரா?

திரைச்சுவடி எழுதியது:

தொடரவில்லை, நெய்தல்வாசி. ‘வசந்த மழை’யை ஒட்டியே ‘பாலடோன் தீர்ப்பளிக்கிறது’ என்று ஒரு படத்தை எடுத்தார். பாலடோன் ஏரிக்கரையில் வாழும் மீனவர்களின் பகை, விருப்பமில்லாத திருமணம், ஏரியில் எழும் புயல் ஆகியவற்றைச் சுற்றிய நாடகம் அது. கதையமைப்பில் ‘வசந்த மழை’யின் எளிமை அதற்கு இல்லை, ஆனால் ஏரியையும் வலையையும் படகையும் காட்டும் பகுதிகளில் ஆவணப்படத்தின் கண் திறந்துகொள்வதைக் காணலாம். பிறகு வியன்னா சென்று, வேலையிழந்த இருவரின் காதலைச் சொல்லும் ‘சூரியக்கதிர்’ படத்தை 1933இல் எடுத்தார். அதிலும் நாயகி அனபெல்லாதான். அதன்பின் டென்மார்க் நிறுவனத்துக்குப் பணிபுரிந்தார்.

1930களின் நடுவில் அந்நிறுவனத்துக்காக மடகாஸ்கர் போனதுதான் அவர் வாழ்வின் திருப்பம். அங்குள்ள மக்களின் சடங்குகளையும் வாழ்முறையையும் பதிவுசெய்யத் தொடங்கியவர், கதைப்படத்தின் மீது பிடிப்பை இழந்தார். பின்னர் ஒரு சுவீடன் நிறுவனத்துக்காக இந்தோனேசியத் தீவுகளிலும் சயாமிலும் (இன்றைய தாய்லாந்து) படமெடுத்தார். சயாமில், காட்டைத் திருத்தி நெல் விளைவிக்கும் ஓர் இளம் தம்பதியைப் பற்றி எடுத்த ‘ஒரு பிடி அரிசி’ இந்த வரிசையில் முதலில் பார்க்க வேண்டியது. 1941இல் நியூயார்க்கில் வைக்கிங் நிதியத்தின் பொறுப்பை ஏற்றார். பின்னாளில் வென்னர் கிரென் அறக்கட்டளை என்று பெயர் மாறி, மானிடவியல் ஆய்வுகளுக்கு உலகெங்கும் துணைநின்ற அமைப்பு அது. 1963இல் இறக்கும்வரை அதை வழிநடத்தினார். திரைப்பட வரலாற்றில் அவர் பெயரை அறிந்தவர்களைக் காட்டிலும் மானிடவியலில் அறிந்தவர்கள் அதிகமாக இருக்கக்கூடும்.

இந்த இரண்டு வாழ்க்கைகளையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டியதில்லை. ‘வசந்த மழை’யின் தொடக்கப் பகுதிகளை, கதையை மறந்துவிட்டுப் பாருங்கள்: திருவிழாவில் ஊரார் எப்படி நிற்கிறார்கள், யார் முன்னே, யார் பின்னே, பணிப்பெண்ணுக்கு நடனத்தில் எந்த இடம், கோயில் வாசலில் யார் யாருக்கு வழிவிடுகிறார்கள் என்பதையெல்லாம் ஒரு களஆய்வாளரின் பொறுமையோடு காட்டியிருக்கிறார். கமலினி அம்மா குறிப்பிட்ட, கையைத் துடைத்துக்கொண்டே நிமிரும் அந்த அசைவும் இந்தப் பார்வையிலிருந்து வந்ததுதான்.

தண்பொருநை எழுதியது:

நெய்தல்வாசி, பார்க்கத் தொடங்குவதென்றால் ‘லோன்சம்’ முதலில், ‘வசந்த மழை’ இரண்டாவது என்று பரிந்துரைப்பேன். முதலாவதில் அந்த மூன்று உரையாடல் காட்சிகள் வரும்போது எரிச்சல் வரும். அந்த எரிச்சலோடு இரண்டாவதைப் பார்த்தால் திரைச்சுவடி சொல்வதும் பழஞ்சுருள் சொல்வதும் எங்கே மோதுகின்றன என்பது தானே விளங்கும். ‘பாலடோன்’ படத்தை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு வடிவமும் ஹங்கேரிய வடிவமும் கிடைத்தால் ஹங்கேரிய வடிவத்தையே எடுங்கள். துணைத்தலைப்பு இல்லாத படி கிடைத்தாலும் தயங்க வேண்டாம், மரியின் வழியே பார்ப்பவருக்கு அது பெரிய தடையில்லை. மோல்னாரின் நாடகத்தைப் படிக்க விரும்பினால் கடைசிக் காட்சியை மட்டுமாவது படியுங்கள். கமலினி அம்மா எழுப்பிய அந்த அடியைப் பற்றித் தனியாக ஓர் இழை தொடங்குவது நல்லது, அதில் எனக்கு அவரோடு உடன்பாடு இல்லை.